ஆண்டாள் படித்த எட்டு வெள்ளிக்காசு

ஆண்டாளுக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. ரேஷன் கடையானாலும் ஓட்டுச்சாவடியானாலும் பெருவிரலைத்தான் நீட்டுவாள். ஆனால் ஜப்பான் காசு எதைக் கொண்டுவந்து கையில் வைத்தாலும் அது எந்த ராஜா காலத்தது, எந்த வருஷத்தில் அடித்தது என்று சொல்லிவிடுவாள். கச்சிராயபாளையத்துக் கரும்பு வெட்டுக் கூட்டத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜப்பான்காரி என்றால்தான் தெரியும்.

அவள் பிறந்தது மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அனா ஆவன்னா முடியுமுன்னே ஜப்பான்காரன் வந்துவிட்டான். தமிழ் வாத்தியார் போய், தொப்பி வைத்த புது வாத்தியார் வந்தார். காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட வேண்டும். பிறகு சிலேட்டில் தேதி எழுத வேண்டும். அந்த வருஷத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஷோவா பதினேழு. மூன்றரை வருஷம் தினமும் வருஷம் எழுதியே அவளுக்கு அந்த எண்கள் கையோடு வந்துவிட்டன. ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, கூட்டல் குறி பத்து, கூரை சரிந்த மாதிரி இருந்தால் எட்டு. அதற்குள் அப்பாவைச் சயாம் ரயில் ரோடு போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்து இரண்டு வருஷம் கழித்து அம்மாவும் மகளும் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள்.

காசு படிக்கும் சமாசாரம் வெளியே வந்தது சின்னசேலத்தில் ஒரு வெள்ளி வியாபாரியின் கடையில். மெட்டி மாற்றப் போனவள், தராசுத் தட்டில் கிடந்த பெரிய காசைப் பார்த்து, "இது ஷோவா இருவத்தெட்டு" என்றாள். வியாபாரி கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஷோவான்னா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி மூணு. இந்தக் காசு என் தாத்தாவவிட மூப்பும்மா." அப்புறம்தான் அவள் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தாள். அது அவள் சிலேட்டில் எழுதிய எழுத்தில்லை. ஜன்னலும் ஏணியும் ஒட்டி நிற்பது போல ஓர் எழுத்து. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்து, இப்போதைய ராஜாவின் தாத்தாவுக்குப் பிறந்தநாள் என்று வாத்தியார் பலகையில் எழுதிக் காட்டினாரே, அந்த மெய்ஜி ராஜாவின் எழுத்து. ராஜா மாறினால் வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வியாபாரி தம் புத்தகத்தைப் பார்த்து அவளுக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தார். தாத்தா மெய்ஜி என்றால் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழைக் கூட்ட வேண்டும். மகன் தைஷோ என்றால் தொள்ளாயிரத்துப் பதினொன்று. பேரன் ஷோவா என்றால் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. அந்தக் காலத்து மலாயாவில் ஜப்பான் வெள்ளியும் புழங்கியதால் ஊர் திரும்பியவர்கள் வீட்டில் அது கிடைக்கும். அதன்பின் அப்படி எது வந்தாலும் அவர் ஆண்டாளுக்குச் சொல்லி அனுப்புவார். பஸ் சார்ஜும் ஒரு டீயும் உண்டு.

அவளும் புருஷன் பாவாடையும் குடியிருந்தது கந்தசாமியின் கிணற்றுக் கொல்லை மூலையில். கந்தசாமிக்குக் கோமுகி வாய்க்கால் பாசனத்தில் பன்னிரண்டு ஏக்கர் கரும்பு. மோட்டார் போடுவது, மடை திருப்புவது பாவாடை வேலை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அந்தக் கூரை வீட்டிலிருந்துதான். இருபத்திரண்டு வருஷம். இடம் கந்தசாமியுடையது, கூரை பாவாடையுடையது, சீட்டு எதுவும் கிடையாது.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். முதல் நாளே ரோட்டோரப் புளியமரங்கள் வெட்டிக் குறுக்கே சாய்க்கப்பட்டன. பஸ் நின்றது. பால் வண்டி நின்றது. அந்த வாரத்தில்தான் கந்தசாமி வீட்டில் காசுப் பிரச்சினை முற்றியது.

கந்தசாமிக்கு இரண்டு தாரம். மூத்தவள் இறந்துவிட்டாள். அவள் மகள் விஜயலட்சுமிக்கு ஐப்பசியில் கல்யாணம். மூத்தாள் வீட்டு வழக்கப்படி அம்மாவின் காசுமாலையைத் தாய்மாமன்தான் பெண் கழுத்தில் போட வேண்டும். எட்டு வெள்ளிக்காசு. பெரியவற்றில் ஒரு பக்கம் சுருண்ட பாம்பு மாதிரி ஓர் உருவம். அது ஜப்பான்காரனின் பறக்கும் பாம்பு என்று தெரியாமல் அந்த வீட்டில் நாகம்மா என்று கும்பிட்டார்கள். ஆடி வெள்ளி தவறாமல் புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் பூசுவார்கள். இரண்டாந்தாரம் ராணியம்மாள் இப்போது, "அது எங்கப்பா மலாயாவுலேர்ந்து கொண்டாந்தது, எம்பொண்ணுக்குத்தான்" என்று நின்றுகொண்டாள். கந்தசாமியின் தாயார் இரு மருமகள் சாமானையும் ஒரே பெட்டியில் போட்டு, காசையெல்லாம் ஒரே மாலையாகக் கோத்து வைத்துக் கண்ணை மூடிவிட்டார். கந்தசாமிக்கு எது யாருடையது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அதனால் ஆண்டாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மூத்தவ தாத்தா பினாங்குலேர்ந்து திரும்பினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டுல. இவ அப்பா வந்தது சண்ட முடிஞ்சி நாப்பத்தாறுல. காசு எந்த வருசத்துதுன்னு நீ படி. நீ சொல்றதுதான் தீர்ப்பு" என்றார்.

"ஐயா, நா இன்னாங்க தீர்ப்பு சொல்றது? கரும்பு வெட்றவ."

"காசு சொல்லட்டும். நீ படிக்க மட்டும் படி."

தாய்மாமன் பகலவன் திருக்கோவிலூரில் வாத்தியார். கிளம்பிவிட்டார் என்று தகவல் இருந்தது. பஸ் எங்கே நின்றதோ தெரியவில்லை. அவர் வந்த பிறகுதான் காசை எடுப்பது, அதுவரை ஆண்டாளிடம் யாரும் பேசக் கூடாது என்று கந்தசாமி முடிவு செய்தார். கடலை மூட்டை அடுக்கிய அறையில் ஒரு பாயைப் போட்டார்கள். கதவை வெளியிலிருந்து தாழ் போட்டார்கள்.

"நாயி உள்ள பூந்துடும், அதுக்குத்தான்" என்றார் கந்தசாமி, அவள் கேட்காமலேயே.

அறையில் ஒரே ஒரு சன்னல். கம்பி வழியே பார்த்தால் முப்பது அடி தள்ளி அவள் வீடுதான் தெரிந்தது. தன் வீட்டை இத்தனை நேரம் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கூரையின் மேல் முனையில் ஓலை நைந்திருந்தது. புகை வெளியே வராமல் உள்ளேயே சுற்றியது. பாவாடை அடுப்பு மூட்டும் அழகு அப்படி. கடலை மூட்டைகளின் புழுக்கத்தில் மூச்சு முட்டியது. யார் வீட்டுச் சண்டைக்கோ தன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட முடியாது என்பதும் கூடவே வந்தது.

மாலையில் பாவாடை சன்னல் பக்கம் வந்து நின்றான்.

"உப்பு எங்கடி வெச்ச?"

"உறியில தொங்குது பாரு, பீங்கான்ல. அதக் கேக்கவா வந்த?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உப்பு கேக்கலாமில்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "த பாரு, வூட்ட நெனச்சிக்கினு வாயத் தொற. ராணியம்மா சொல்றதுக்கு ஊம்னு தலைய ஆட்டு. நமக்கு இன்னா, காசா பணமா."

"காசுதான்யா" என்றாள் ஆண்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ராணியம்மாளே இட்லித் தட்டோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"ராத்திரி தூக்கம் வந்துச்சா?"

"எலி ஓடிக்கினே இருந்துச்சிங்கம்மா."

"இன்னிக்கி எலிப்பொறி வெக்கச் சொல்றேன். ஆண்டாளு, எங்கப்பா சயாம் ரயில் ரோட்டுல ரெண்டு வருசம் கஷ்டப்பட்டவரு. மாசா மாசம் ஜப்பான்காரன் வெள்ளியாவே எண்ணிக் குடுத்தானாம். சாவுற வரிக்கும் அதச் சொல்லிக்கினே இருந்தாரு. அந்தக் காசுதான் இது. அத மட்டும் நீ சொல்லு. தை பொறந்ததும் அந்த மூலைய உம்பேருக்கு எழுதிக் குடுக்க வெக்கிறேன்."

ஆண்டாள் இட்லியைப் பிய்த்தபடி இருந்தாள். பிறகு கேட்டாள். "எந்த கேம்ப்புல இருந்தேன்னு சொன்னாருங்களாம்மா?"

"அத யாரு கேட்டது? ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

ராணியம்மாள் எழுந்தாள். "எடம் யாருதுன்னு ஒனக்கு நா சொல்ல வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாழ் விழுந்தது.

அவள் வேண்டுமென்று பொய் சொல்வதாக ஆண்டாளுக்குத் தோன்றவில்லை. அப்பா சொன்னதை மகள் நம்புகிறாள். ஆனால் ஆண்டாளுக்குத் தெரியும். சயாமுக்குப் போன அப்பாவின் பெயரில் அம்மா கைக்கு வந்தது இரண்டே மாதச் சம்பளம். அதுவும் காகிதம். வாழைமரம் போட்ட நோட்டு. ஜப்பான்காரன் சரணடைந்த மறுநாள் அதற்கு ஒரு சுண்டு அரிசியும் கிடைக்கவில்லை. தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் அதில் கப்பல் செய்து சாக்கடையில் விட்டார்கள். ஆண்டாளும் விட்டாள். அம்மா அதற்காக அவளை அடித்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்காசு, ஒன்றே ஒன்று, அந்தக் காலத்தில் அவள் கண்ணில் பட்டதில்லை.

மத்தியானம் விஜயலட்சுமி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அதிகம் பேசாத பெண்.

"எனுக்கு அந்தக் காசே வேணாங்க்கா" என்றாள். "இந்த ரோட்ட தொறந்து, கல்யாணம்னு ஒண்ணு நடந்து, இந்த வூட்ட வுட்டு நா போனா போதும்."

"ஒன்ன அடச்சா வெச்சிருக்காங்க?"

"தாழ்தான் போடல" என்றாள் அவள்.

அன்று பொழுது சாயும்போது பகலவன் வந்து சேர்ந்தார். தியாகதுருகத்தில் பஸ் நின்றுவிட, வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தார். செருப்பு அறுந்து இரண்டு பாதத்திலும் கொப்புளம். கால் கழுவின ஈரத்தோடு நேரே சன்னலுக்கு வந்தார். பேசக் கூடாது என்ற சட்டம் அந்த வீட்டில் ஆண்டாளுக்கு மட்டும்தான் போல.

"இந்தாம்மா, நா படிச்சவன். என்ன ஏமாத்த முடியாது. லைப்ரரி புஸ்தகத்துலேர்ந்து ஜப்பான் நம்பர் எல்லாத்தையும் காப்பி பண்ணி வெச்சிருக்கேன், பாரு." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். "எட்டு காசும் எங்க அக்காளோடது. எட்டும். வேற எதுவும் சொன்னேன்னா கோர்ட்டுதான். நீதான் மொத சாட்சி. கள்ளக்குறிச்சிக்கும் வூட்டுக்கும் நடந்தே தேஞ்சிபோயிடுவ."

"சார், நீங்களே படிக்கலாமே. புஸ்தகம் வெச்சிருக்கீங்க."

"நா படிச்சா அவங்க ஒத்துக்க மாட்டாங்களே" என்று சலித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு ஆண்டாள் மூட்டையில் சாய்ந்து யோசித்தாள். எழுத்து தேய்ந்துவிட்டது, தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அது ஒரு வழி. ஆனால் தெரியவில்லை என்றால் ராணியம்மாளுக்கு ஆகாது. அவளுக்கு வேண்டியது வாயால் சொல்லும் சாட்சி. ராணியம்மாள் கேட்டதைத் தவிர எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போவது தன் கூரை என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று.

மறுநாள் காலை எட்டு மணி வெயிலில், நெல் காயப்போடும் களத்தில், பித்தளைத் தாம்பாளத்தில் எட்டுக் காசையும் வைத்தார்கள். கந்தசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ராணியம்மாளும் பகலவனும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். விஜயலட்சுமி நிலைவாசலில் நின்றாள். பாவாடை தூரத்தில் மண்வெட்டியோடு, வேலை செய்வது போல நின்றான்.

ஆண்டாள் கொஞ்சம் திருநீறும் தண்ணீரும் கேட்டாள். காசின் மேல் குழைத்துப் பூசிக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்தாள். பள்ளத்தில் திருநீறு தங்கும், மேடு பளபளக்கும். பிறகு காசைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டினாள். ஏழு காசு பெரியது, ராஜா தலை போட்ட பழைய ரூபாயைவிட அகலம். ஒன்று மட்டும் சின்னது. அதைத் தனியே ஒதுக்கினாள். பெரியதில் ஐந்து காசுக்கு வருஷமே இல்லை. பாம்புப் பக்கத்தில்தான் வருஷம் இருக்கும். ஆடிக்கு ஆடி தேய்த்த புளி அதைத் தின்றுவிட்டது. ஆனால் ஏழிலும் ஜன்னலும் ஏணியும் மங்கலாகத் தெரிந்தன.

"ஏழும் மெய்ஜி ராசா காசுங்க. ரெண்டுலதான் வருசம் நிக்குது."

பகலவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காசை வாங்கித் தம் தாளோடு ஒப்பிட்டார். "எட்டு... பத்து... ரெண்டு. எம்பத்திரெண்டு. மெய்ஜிக்கு ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தேழ கூட்டினா..." உதடு அசைந்தது. முகம் சுருங்கியது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொம்போது?"

"கேட்டுக்கோங்க!" என்று கையைத் தட்டினாள் ராணியம்மாள். "வாத்தியாரு வாயாலியே வந்துச்சி. புதுக் காசு. எங்கப்பா காசு."

ஆண்டாளுக்கு அங்கே ஒரு வழி திறந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். படித்தவர் சொன்னார், அவள் சொல்லவில்லை. பாவாடையின் மண்வெட்டிச் சத்தம் நின்றதைக் கவனித்தாள்.

"அப்பிடி இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டாள். "அவங்க வலப்பக்கத்துலேர்ந்து படிப்பாங்க. ரெண்டு, பத்து, எட்டு. இருவத்தெட்டு. அந்த ராசா எம்பத்திரெண்டு வருசம் ஆளல, நாப்பத்தஞ்சோட முடிஞ்சிபோச்சி. இது தொண்ணூத்தஞ்சாம் வருசத்துக் காசுங்க, போன நூத்தாண்டுல. இன்னொண்ணு முப்பது. அது தொண்ணூத்தேழு."

பகலவன் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்தார்.

"பழசா இருந்தா இன்னா?" என்றாள் ராணியம்மாள். குரல் மாறியிருந்தது. "ஜப்பான்காரன் எங்கப்பாவுக்குப் பழைய காசையே குடுத்திருப்பான். இல்லன்னு யாரு கண்டா?"

கந்தசாமி ஆண்டாளைப் பார்த்தார். "அப்பிடி குடுத்திருப்பானா? நீ அங்க இருந்தவதானே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆண்டாள் கையிலிருந்த திருநீற்றைப் புடவையில் துடைத்தாள்.

"குடுக்கலீங்கய்யா. நோட்டுதான் குடுத்தான். வாழமரம் போட்ட நோட்டு. எங்கப்பாவும் அந்த ரோட்டுக்குத்தான் போனாரு. எங்களுக்கும் அதாங்க வந்துச்சி. வெள்ளிய நாங்க யாரும் பாக்கல."

பகலவன் தாம்பாளத்தோடு எட்டையும் சேர்த்து எடுக்கக் குனிந்தார்.

"அந்தச் சின்னத வையுங்க சார்" என்றாள் ஆண்டாள். "அது வேற. தைஷோ பதிமூணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்தி நாலு. ரெண்டுல திரும்பினவரு இத கொண்டாந்திருக்க முடியாது. இது இந்தம்மா வூட்டுது."

"ஒத்தக் காசுக்கு இன்னா பெரிய இது?" என்றார் பகலவன். "எட்டும் ஒரே மாலையில இருந்ததுதானே. ஏழ வெச்சி மாலை கட்டினா கோணலா நிக்கும்."

"அது எனுக்குத் தெரியாதுங்க சார். காசுல இருக்கறதத்தான் படிச்சேன்."

"சரி, முடிஞ்சிபோச்சி" என்று கந்தசாமி எழுந்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் நிமிர்ந்து நின்றது அப்போதுதான். ராணியம்மாள் சின்னக் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். ஆண்டாளைப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவளே போனாள்.

மாலையில் ராணியம்மாள் கூரை வீட்டுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பாவாடை பதறி எழுந்து வெளியே போனான். அவள் உட்காரவில்லை. காசை நீட்டினாள்.

"இதுல வேற இன்னா எழுதியிருக்குது?"

"அம்பது சென்னுங்கம்மா. நம்ம அரை ரூபா மாதிரி."

"எங்கப்பா பொய் சொன்னாருன்றியா?"

ஆண்டாள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "ஒரு காசு கொண்டாந்திருக்காருங்க. யாரு குடுத்தாங்கன்னு இதுல எழுதல. அவரு திரும்பி வந்தாரு இல்லீங்களா. எங்கப்பா வரல."

ராணியம்மாள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதாகக்கூட ஆண்டாளுக்குத் தோன்றியது. ஆனால் குரலில் அது இல்லை.

"கரும்பு வெட்டு முடியட்டும். தை பொறந்ததும் எடத்த காலி பண்ணிடுங்க. மோட்டாருக்கு வேற ஆள் பாத்துக்கறோம்."

"மூங்கிலு எங்களுதுங்கம்மா" என்றாள் ஆண்டாள். "கல்ராயன் மலையிலேர்ந்து அவரு எறக்கினது."

"மூங்கில எடுத்துக்கோ. கீத்து கொல்லையிலயே கெடக்கட்டும்."

அடுத்த இரண்டு நாளில் மரங்களை இழுத்துப் போட்டு ரோட்டைத் திறந்தார்கள். பகலவன் முதல் பஸ்ஸில் போனார். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. ஏழு காசு மாலை கோணலாகத்தான் நின்றது என்று பாத்திரம் கழுவப் போனவள் வந்து சொன்னாள். ஆண்டாளை யாரும் கூப்பிடவில்லை. சின்னசேலத்து வெள்ளி வியாபாரி இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கரும்பு வெட்டுக்கு நடுவில் போக முடியாது என்று சொல்லிவிட்டாள்.

தை மூன்றாம் தேதி வீட்டைப் பிரித்தார்கள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நாலு குழி தோண்டி வைத்தாயிற்று. யார் எப்போது வந்து கிளப்புவார்கள் என்று தெரியாத இடம். பாவாடை கூரை மேல் உட்கார்ந்து கட்டு அவிழ்த்தான். ஆண்டாள் கீழே நின்று ஒவ்வொரு மூங்கிலாக வாங்கிச் சாய்த்தாள். காலையிலிருந்து அவன் பேசவில்லை. பாதிக்கு மேல் ஆனதும் தாங்கவில்லை.

"ஒரு பொய்யி. ஒண்ணே ஒண்ணு. அதுகூட சொல்ல வேணாம், சும்மா நின்னிருந்தாலே போதும். சொந்தமா எடம் வந்திருக்கும்."

"நின்னிருக்கலாம்தான்."

"பின்ன ஏண்டி நிக்கல?"

ஆண்டாள் கையிலிருந்த மூங்கிலைத் தரையில் ஊன்றினாள். "நின்னிருந்தா எங்கப்பாவுக்கும் வெள்ளிதான் குடுத்தான்னு ஆயிடுமேய்யா. அவுரு காகிதத்துக்குச் செத்தாரு. அத நானே மாத்திச் சொல்றதா?"

பாவாடை அரிவாளை அடுத்த கட்டின் மேல் வைத்தான்.

"அத வெட்டாத, அவுத்து எடு" என்றாள் ஆண்டாள். "கயிறு அங்க வேணும்."